கொம்பு இடம் மாறாத உலாவி

"மாப்ள, எங்க ஊர் பேரையே தப்பா எழுதுது உன் பிரவுசர்."

தேவகோட்டையிலிருந்து மாமா. காலை ஏழு மணி இருக்கும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த நேரத்தில் போன் செய்து 'தப்பா எழுதுது' என்று சொன்னால், கட்டுரை நோட்டோடு வகுப்பு வாசலில் நிற்கிற பையனின் கதிதான் நமக்கு.

"என்ன மாமா தெரியுது?"

"தே-வுக்கு இரட்டைக் கொம்பு பின்னாடி நிக்குது. கோ-வுக்கு ரெண்டு பக்கமும் நிக்க வேண்டியது ஒரே பக்கமா ஒண்டிக்கிட்டு நிக்குது. டை-யோட இணைக்கொம்பு வால் மாதிரி கடைசில தொங்குது. ஒன்னாப்புப் பிள்ளகூட இப்படி எழுதாது. வீரமாமுனிவர் மெனக்கெட்டுச் சுழிச்சுக் குடுத்த கொம்ப இப்படிப் பிச்சுப் போட்டிருக்கியே!"

"நான் பிக்கல மாமா. அந்த பிரவுசர் அப்படி."

"அத ஏத்திக் குடுத்தது யாரு?"

நான்தான். முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய நெட்புக்கில் டில்லோ என்ற உலாவியைப் போட்டுக் கொடுத்து, "இனிமே பறக்கும் மாமா" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன். பறக்கத்தான் செய்தது. தமிழ் மட்டும் தரையில் உதிர்ந்து கிடந்தது.

அந்த நெட்புக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வாங்கியது. இன்டெல் ஆட்டம் என்270 சில்லு, 1.6 கிகாஹெர்ட்ஸ், 32-பிட் மட்டும். 1 ஜிபி ரேம், 160 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், 1024-க்கு 600 புள்ளி கொண்ட பத்து அங்குலத் திரை. அந்தக் காலத்தில் நெட்புக் என்று வந்தவை பெரும்பாலும் இதே ஜாதகம்தான். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அதன் பிறகு ஒரு பொங்கல் விடுமுறையில் லுபுண்டு என்ற லினக்ஸைப் போட்டேன். லுபுண்டுவும் 32-பிட்டைக் கைவிட்டதும் ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினேன். மாமாவின் மகன் வாங்கித் தந்த டேப்லெட் அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. அவருக்குத் தமிழ்99 விசைப்பலகையில் விரல் பழகிவிட்டது. எழுத்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் பாதி தேய்ந்துபோன அந்தக் குட்டி விசைகளை விட மனசில்லை. "கண்ணாடி மேல தேய்ச்சா எழுத்து வருமா?" என்பார்.

ஆன்டிஎக்ஸை ஏன் எடுத்தேன் என்று யாராவது கேட்பார்கள். டெபியன் 12 என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 32-பிட் உண்டு, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிரல் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற ஒல்லியான சாளர மேலாளரோடு வருகிறது. திரை வந்து நின்ற பிறகும் ஒரு ஜிபியில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். பப்பி லினக்ஸும் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் தொடங்கியது; எனக்குப் பழைய பாசம் உண்டு. ஆனால் பப்பியின் வேகமே தன்னை முழுதாக ரேமுக்குள் ஏற்றிக்கொள்வதால் வருவது. 1 ஜிபி இயந்திரத்தில் அது உட்காரும் இடம் உலாவிக்குப் போக வேண்டிய இடம். டைனி கோர் இன்னும் சின்னது, வரைகலைத் திரையோடு சேர்த்தே இருபது எம்பி சொச்சம். அதன்மேல் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டால் அந்த ஒரு உலாவி மட்டும் அமைப்பைப் போலப் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்ன மெஷினுக்குச் சின்ன பிரவுசர் என்ற கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

டில்லோவை எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. சிலி நாட்டின் ஹோர்ஹே அரெயானோ சிட் 1999 டிசம்பரில் முதலில் வெளியிட்டது. நிரல் முழுவதும் ஒரு பழைய ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். ஐகானைத் தட்டி விரலை எடுப்பதற்குள் சாளரம் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் அறவே கிடையாது. 2015-க்குப் பிறகு ஒன்பது வருடம் புதுப் பதிப்பே இல்லாமல் கிடந்து, வேறொருவர் கையில் எடுத்து 2024 மே மாதம் 3.1 வெளிவந்தது. இறந்துவிட்டதாக நினைத்த ஊர்க்காரர் ஒருவர் பேருந்தில் இறங்கி வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது அந்தச் செய்தி.

அதன் கீழ்மூலையில் ஒரு சின்னப் பூச்சி இருக்கும். திறந்திருக்கும் பக்கத்தின் எச்டிஎம்எல்லில், அதாவது பக்கத்தை எழுதிய குறிமொழியில், எத்தனை பிழை என்று எண்ணிக் காட்டும். மாமாவுக்கு டில்லோவில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான். ஒரு பெரிய செய்தித் தளத்தைத் திறந்து, பூச்சிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைக் காட்டி, "இத்தன தப்புக்கு நானா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்" என்றார். திருத்திய நோட்டின் கடைசியில் சிவப்பு மையில் மதிப்பெண் போடுகிற மாதிரியான ஒரு கருவி கணினியிலும் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஆனால் தமிழ்? நான் போகும்போது சோதித்தது ஆங்கில விக்கிப்பீடியாவில். என் தப்புதான்.

யூனிகோடில் 'தே' என்ற எழுத்து சேமிக்கப்படுவது ஒலி வரிசையில்: முதலில் த, பிறகு ஏகாரக் குறி. திரையில் வரையும்போது அந்தக் குறியைத் தூக்கி த-வுக்கு முன்னால் வைக்க ஒரு ஆள் வேண்டும். 'கோ' என்றால் குறியை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் நிறுத்த வேண்டும். 'பு', 'மு' என்றால் உகரத்தை மெய்யோடு ஒட்டித் தனி வடிவம் எடுக்க வேண்டும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அதன்மேல் வரிகளை அடுக்கும் பாங்கோ போன்ற நூலகங்கள் உட்கார்ந்திருக்கும். டில்லோ தன் சாளரத்தை வரையப் பயன்படுத்துவது எஃப்எல்டிகே என்ற கருவித்தொகுப்பு. அதன் 1.3 பதிப்பு லினக்ஸில் எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு, தேவகோட்டை என்ற ஒரே பெயரில் மூன்று இடத்தில் கொம்பு தடுமாறும். எழுத்துரு இல்லாததால் வருகிற சிக்கலும் இல்லை இது. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டையும் ஏற்றியும் அதே கதைதான். செங்கல் இருந்தது, கொத்தனார் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. டிஸ்கி என்று ஒரு தமிழ்க் குறியாக்கம் முன்பு புழங்கியது ஞாபகம் இருக்கிறதா? அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிக்கப்படும்: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். தட்டச்சுப் பொறி மாதிரி. வரிசை மாற்றும் ஆளே தேவைப்படாது. அதனால் ஒன்றுக்கும் உதவாத பழைய உலாவியில்கூடச் சரியான எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. யூனிகோடு வந்தது பெரிய வரம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மிகச் சிறிய நிரல்களைப் பொறுத்தவரை நாம் ஒரு படி கீழே இறங்கினோம் என்பதும் உண்மை. 'லேசான உலாவி' என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சோதிப்பதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. நமக்குத் தேவை. இப்போதெல்லாம் எந்த உலாவியைப் போட்டாலும் நான் முதலில் அடித்துப் பார்ப்பது தேவகோட்டை என்ற சொல்லைத்தான்.

டெர்மினல் என்ற கருப்புத் திரைக்குள் எழுத்தாக மட்டும் பக்கத்தைக் காட்டும் உலாவிகளைப் பற்றி இரண்டு வரி. லின்க்ஸ், 1992-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து இன்றும் உயிரோடு இருப்பது. ஜப்பானில் பிறந்த டபிள்யூ3எம்மும் நல்ல கருவிதான். ஆனால் அங்கே தமிழைச் சரியாகக் காட்டும் பொறுப்பு உலாவியைத் தாண்டி டெர்மினலின் தலையில் விழுகிறது. பெரும்பாலான டெர்மினல்கள் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று இருப்பவை. 'ஞௌ' கட்டத்தில் அடங்குகிற ஆளா? விட்டுவிட்டேன்.

அடுத்தது நெட்சர்ஃப். இது 2002-இல் ரிஸ்க் ஓஎஸ் என்ற பிரிட்டிஷ் இயங்குதளத்துக்காகத் தொடங்கப்பட்டது. பெரிய எஞ்சின் எதையும் கடன் வாங்காமல், பக்கத்தை அடுக்கும் வேலை முழுவதையும் சி மொழியில் தாங்களே எழுதியிருக்கிறார்கள். லினக்ஸில் ஜிடிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பை வைத்து எழுதிய வடிவம் கிடைக்கிறது. அது எழுத்தை வரைய பாங்கோவைக் கூப்பிடுகிறது. தேவகோட்டை என்று அடித்தேன். கொம்புகள் அத்தனையும் அதனதன் இடத்தில். மாமாவுக்குத் திரையைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினேன். "சரி" என்று ஒற்றைச் சொல் வந்தது. அவரிடம் சரி வாங்குவது லேசில்லை.

மாமா இணையத்தில் செலவழிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் மதுரைத் திட்டத்தின் தளத்தில்தான். 1998 பொங்கலன்று தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ் நூல்கள். முன்பு டிஸ்கியில் இருந்தவை பின்னால் யூனிகோடுக்கு வந்தன. அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் வெறும் எச்டிஎம்எல்: ஒரு தலைப்பு, கீழே பாட்டு, பாட்டு, பாட்டு. விளம்பரம் இல்லை, துள்ளிக் குதிக்கும் பெட்டி இல்லை. நெட்சர்ஃபுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பெரிய நூல் ஒன்று ஒரே பக்கமாக நீண்டு கிடந்தாலும் அந்த ஆட்டம் சில்லு அதைச் சட்டென்று விரித்துவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் படிக்கக் குறையில்லாமல் வருகிறது.

ஆனால் செய்தித்தாள் தளம் வரவில்லை. மின்னஞ்சல் உள்நுழைவுப் பக்கம் வெள்ளையாக நின்றது. கேப்சா கேட்கும் தளங்களில் கேப்சா வர வேண்டிய இடம் காலி. நெட்சர்ஃபில் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது, ஆனால் அரைகுறை. இன்றைய தளங்கள் எதிர்பார்ப்பதில் சிறு பங்குதான் அதற்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு சில பேர் சேர்ந்து நடத்தும் திட்டம், ஆயிரக்கணக்கான பொறியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கட்டும் எஞ்சினோடு ஓட முடியுமா?

இடையில் ஒரு விபத்து நடந்தது. வெப்கிட் எஞ்சினை வைத்து எழுதிய ஒரு சின்ன உலாவி. பெயர் வேண்டாம், செய்தவர்கள் நல்லவர்கள்தான். பார்க்க அழகு. மேலே ஒரே ஒரு முகவரிப் பட்டை, இரண்டு பொத்தான். செய்தித் தளம் வந்தது, மின்னஞ்சல் வந்தது, தமிழ் சரி. 'கிடைச்சுருச்சு' என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து மாமா ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சந்திப் பிழைகளைப் பற்றித்தான், வேறென்ன. மின்னஞ்சல் பெட்டிக்குள்ளேயே நேராக ஒரு மணி நேரம் தட்டச்சு செய்திருக்கிறார். இன்னொரு டேப்பில் அகராதி திறந்தார். உலாவி மூடிக்கொண்டது. அறிவிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை. சாளரம் இருந்த இடத்தில் ஆன்டிஎக்ஸின் பின்னணிப் படம்.

அன்று அவர் போன் செய்து திட்டவில்லை. அத்தைதான் செய்தார். "ஒங்க மாமா சாப்பிடாம உக்காந்திருக்காருப்பா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த உலாவி சின்னது என்று நான் எதைச் சொன்னேன்? அதன் சட்டையை. உள்ளே இருப்பது வெப்கிட், அது ஒன்றும் ஒல்லியான உடம்பு இல்லை. ஃபால்கனை எடுங்கள். குப்ஸில்லா என்ற பெயரில் தொடங்கி, பிறகு கேடிஇ என்ற லினக்ஸ் மென்பொருள் குடும்பத்துக்கு வந்த நல்ல உலாவி. அதன் உள்ளே க்யூடி வெப்எஞ்சின், அதாவது கூகுள் குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் எஞ்சின்தான். வெளியே எத்தனை பொத்தானைக் குறைத்தாலும் உள்ளே ஓடுவது அதே லாரி எஞ்சின். அதோடு ரேமைத் தின்பது உலாவியைவிட அதில் திறக்கும் பக்கம்.

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். செய்தித் தளம் 2000-க்கு 1500 புள்ளி அளவில் ஒரு புகைப்படம் அனுப்புகிறது. கோப்பாக அது சில நூறு கேபி இருக்கலாம். திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். முப்பது லட்சம் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட். ஒரு கோடியே இருபது லட்சம் பைட், சுமார் 12 எம்பி. மாமாவின் திரையே 1024 புள்ளி அகலம்தான். அந்தப் படம் அங்கே உள்ளங்கை அளவில் தெரியும். அப்படிப் பத்துப் படம், கூடவே விளம்பரம், யார் என்ன படிக்கிறார்கள் என்று வேவு பார்க்கும் நிரல்கள். எந்த உலாவியானாலும் இந்தச் சுமையை ஏதாவது ஒரு வழியில் சுமந்தே ஆக வேண்டும். சுமக்க முடியாதபோது எப்படி விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒன்று மொத்தமாகக் குப்புற விழும். இன்னொன்று ஒரு டேப்பை மட்டும் கீழே போட்டுவிட்டு நிற்கும்.

ஆகவே 'நிலையான' என்ற சொல்லை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். விழாமல் இருப்பது ஒரு பாதி. மறு பாதி, அதை யார் பராமரிக்கிறார்கள் என்பது. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளில் உலாவிகளின் பாதுகாப்பைப் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. யாரும் படிக்காத பகுதி. உலாவி எஞ்சின்களில் ஓட்டைகள் வந்துகொண்டே இருக்கும், நீண்ட கால ஆதரவு இல்லாத எஞ்சின்களைப் பழைய பதிப்பில் வைத்து ஒட்டுப்போடுவது மிகவும் கடினம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமியம் என்று பரிந்துரைக்கிறார்கள். வெப்கிட்டின் ஜிடிகே வடிவத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. க்யூடி வெப்எஞ்சினுக்கு அந்த உறுதி இல்லை.

"பழசே நல்லாத்தானே இருந்துச்சு, அதையே வெச்சுக்கிட்டா என்ன?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. நான் 2021 செப்டம்பர் 30-ஐச் சொன்னேன். தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச்சான்றிதழ் அன்று காலாவதியானது. புதுப்பிக்காமல் கிடந்த பல பழைய கருவிகளில் அதுவரை நன்றாகத் திறந்த தளங்கள் மறுநாள் திறக்கவில்லை. கருவி கெடவில்லை, தளமும் கெடவில்லை. இரண்டுக்கும் நடுவே சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் காலம் முடிந்துவிட்டது. மாமாவுக்கு இது உடனே புரிந்தது. ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்கிறவர்.

கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. டெபியன் அடித்தளத்தில் இயல்பாகக் கிடைப்பது. அம்சங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தவறாமல் வரும். பொத்தான்களின் இடம் நாலு வாரத்துக்கு ஒரு தடவை மாறாது என்பது எழுபது வயதுக்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை.

போட்ட உடனே பறக்கவில்லை. இந்த முறை நான் அப்படிச் சொல்லவும் இல்லை. மூன்றாவது டேப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்தது, எரிந்தது, அணையவே இல்லை. ரேம் தீர்ந்து, வழிவதை வைக்க டிஸ்கில் ஒதுக்கியிருந்த ஸ்வாப்புக்குப் போய்விட்டது. சுழலும் தட்டில் ஒரு இடத்தைத் தேடி எடுக்க மில்லி விநாடிக் கணக்கில் ஆகும். ரேமுக்கு நானோ விநாடி. பக்கத்து அறையில் இருக்கும் கண்ணாடியை எடுக்க மதுரை வரை போய்த் திரும்புகிற மாதிரி.

ஆகவே முதலில் ஸ்வாப்பை டிஸ்கிலிருந்து எடுத்து ரேமுக்குள்ளேயே வைத்தேன். ஸிராம் என்பது அதன் பெயர். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிச் சேமிக்கும் கிடங்காக ஆக்குவது; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2014-லிருந்து முறையாக இருக்கிறது. ரேமையே பிடுங்கி ரேமுக்குக் கொடுப்பதில் என்ன லாபம் என்று தோன்றும். உலாவி நினைவகத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் நன்றாகச் சுருங்கும் சரக்கு. இரண்டு மூட்டை இடத்தில் நாலைந்து மூட்டை அடைக்கலாம். சுருக்கும் முறைகளில் இன்னும் இறுக்கமாகக் கட்டுபவை உண்டு, நான் எல்இசட்4 எடுத்தேன். அந்த ஆட்டம் சில்லுக்குக் கட்டுவதும் அவிழ்ப்பதும் சுலபமாக இருக்க வேண்டும். டிஸ்க் விளக்கு அடங்கியது. இந்த ஒரு மாற்றம் செய்ததை எந்த உலாவி மாற்றமும் செய்யவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு. நீட்டிப்பு போட்டால் கனம் கூடாதா என்று கேட்கலாம். அதுவும் கொஞ்சம் ரேம் எடுக்கத்தான் செய்கிறது, ஆனால் வாசலிலேயே அது திருப்பி அனுப்பும் கூட்டம் அதைவிடப் பெரிது. அதில் ஒரு அமைப்பு இருக்கிறது: குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட படங்கள், காணொளிகளை நாம் தட்டினால் ஒழிய எடுக்காதே என்று சொல்லலாம். போட்டுவிட்டேன். செய்தித் தளம் கிட்டத்தட்ட அச்சு நாளிதழ் மாதிரி ஆகிவிட்டது. "இப்பத்தான் பேப்பர் மாதிரி இருக்கு" என்று அத்தைகூட எட்டிப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாவது சமாச்சாரத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். குரோம் 2008-இல் பிறந்தபோதே ஒவ்வொரு டேப்பையும் தனித்தனிச் செயல்முறையாக ஓட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் 2016-இல் அந்த வழிக்கு வந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சில்லுக் குறைபாடு வெளியே வந்த பிறகு, ஒவ்வொரு தளத்தையும் தனி அறையில் பூட்டி வைப்பது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளுக்குக் கட்டாயம் மாதிரி ஆனது. அறைக்கு அறை தனிச் சுவர், தனி விளக்கு. செலவு ரேம். எபவுட்:கான்ஃபிக் என்ற ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் போய் இந்த அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தளப் பிரிப்பையே அணைத்தும் விடலாம். இணையத்தில் பல பேர் அணைக்கச் சொல்கிறார்கள். நான் எண்ணிக்கையை மட்டும் குறைத்தேன், பிரிப்பை அணைக்கவில்லை. மாமா அந்த மெஷினில் பணப் பரிமாற்றம் செய்வதில்லை என்றாலும் மின்னஞ்சல் கடவுச்சொல் இருக்கிறது. அவர் கடவுச்சொல்லாக என்ன வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்; ஏதோ ஒரு குறளின் முதல் சீர். அதற்காவது ஒரு சுவர் இருக்கட்டும்.

இரண்டு ஜிபி ரேம் துண்டு ஒன்றை வாங்கிப் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய டிடிஆர்2 கிடைத்தது. அந்தச் சிப்செட் அதற்கு மேல் ஏற்காது. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது, ஆனால் மெஷினைத் திறக்கச் சோம்பல்.

இப்போது அவர் முகப்பில் இரண்டு ஐகான் இருக்கின்றன. ஒன்றின் பெயரை 'படிக்க' என்று மாற்றி வைத்திருக்கிறேன், அது நெட்சர்ஃப். இன்னொன்று 'மற்றது', ஃபயர்ஃபாக்ஸ். நாளில் பெரும்பகுதி 'படிக்க'தான் திறந்திருக்கிறது. கடிதம் எழுதுவது மட்டும் இப்போது உலாவியில் இல்லை. தனி எழுதியில் எழுதி, சேமித்து, பிறகு வெட்டி ஒட்டுகிறார். சூடு கண்ட பூனை.

இந்த ஏற்பாட்டுக்கும் ஆயுள் கம்மி என்று தெரிந்தேதான் செய்தேன். குரோம் 32-பிட் லினக்ஸை 2016 மார்ச்சிலேயே விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. அடுத்த மாதமே ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவும் சொல்லிவிட்டது: 32-பிட் லினக்ஸுக்கு 144 தான் கடைசி ஃபயர்ஃபாக்ஸ், இஎஸ்ஆர் 140-க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதற்குப் பிறகு 'மற்றது' ஐகானை எடுத்துவிடுவேன். மின்னஞ்சலுக்கு அலமாரியில் இருக்கும் டேப்லெட்டின் துணியை அவிழ்க்க வேண்டியதுதான். 'படிக்க' இருக்கும். மதுரைத் திட்டத்தின் பக்கங்கள் மாறாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது.

இதை மாமாவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப அடுத்த செப்டம்பர் வரைக்கும் லெட்டர் போடலாம்ல" என்றார். ஆசிரியருக்கு அனுப்ப இன்னும் நிறைய சந்திப் பிழை பாக்கி இருக்கிறது போல.

போன வாரம் மறுபடி ஏழு மணிக்குப் போன்.

"மாப்ள, எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு இல்லைங்குது. மதுரைத் திட்டத்துக்குக்கூடவா ஆபத்து?"

எனக்கு ஒரு கணம் திக்கென்றது. சான்றிதழா, இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் நெறிமுறையின் பதிப்பா, உலாவிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அப்புறம்தான் கேட்டேன்.

"மாமா, கீழ் மூலைல தேதி என்ன காட்டுது?"

கொஞ்சம் அமைதி. மூக்குக் கண்ணாடியைத் தேடியிருப்பார்.

"ஜனவரி ஒன்னு. ரெண்டாயிரத்து ஒம்பது."

கடிகாரத்தை ஓட்டப் பதினாறு வருடம் உள்ளே கிடந்த சிஆர்2032 என்ற பொத்தான் செல் செத்துவிட்டது. மெஷினை அணைத்துப் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பிறந்த நாளுக்கே போய்விடுகிறது. 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் எழுதப்படவே இல்லை; எந்த உலாவியும் நம்பாது. தேதியைக் கையால் மாற்றும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது செல் மாற்றித் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் வாட்சப்பில் ஒரு படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, நெட்புக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வாட்ச் கடையில் வாங்கிய செல் ஒன்று, அத்தையின் தையல் மெஷின் ஸ்குரூ டிரைவர் ஒன்று. கீழே தமிழ்99-இல் பிழையில்லாமல் ஒரு வரி: 'எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும்?'